கேறுங்க, அண்ணாச்சி

எங்கள் ஊரில் ஒரு ஆள் ரோட்டில் நடந்து போனால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். பஸ் போயிருக்க வேண்டும், வண்டி பஞ்சராகியிருக்க வேண்டும், அல்லது வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். சும்மாதான் நடக்கிறேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். பின்னால் வருகிற பைக் பக்கத்தில் வந்து நிற்கும். ‘கேறுங்க’ என்பார்கள். ஏறுங்கள் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதைச் சொல்லாமல் கடந்து போகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான்.

நல்ல சொல்தான், அன்பான சொல்தான். அதைக் கேட்டால் எனக்கு மட்டும் இன்றைக்கும் வயிறு எரியும்.

என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். சுசீந்திரம் தாண்டி அஞ்சுகிராமம் போகிற ரோட்டில் இறங்கி, வயலுக்கு நடுவே உள்ளே வந்தால் எங்கள் ஊர். கொஞ்சம் வயலும் உண்டு. தினமும் ஸ்கூட்டரில்தான் போவார், வருவார். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயம். ஆள் சட்டென்று மெலிந்தார். சட்டை தோளில் தொங்கியது. ராத்திரி எழும்பி எழும்பித் தண்ணீர் குடிப்பார். என் அம்மை இதே மாதிரி குடித்துத்தான் போனாள், அதனால் எனக்கு உடனே பொறி தட்டியது. இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். சுகர். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

டாக்டர் வயசானவர், நம்ம பக்கத்து ஆள். மாத்திரை எழுதிவிட்டு, “நடக்கணும்” என்றார்.

இவர், “காலையில பால், பேப்பர், குளி, பள்ளிக்கூடம். சாயந்திரம் வயலு. நேரம் எங்க டாக்டர் இருக்கு?” என்றார்.

“நேரம் ஒதுக்காண்டாம். ஒதுக்கினா ஒரு வாரம் நடப்பீரு, பிறகு விட்டிருவீரு. உள்ள சோலிக்குள்ளயே நடைய சொருவும். அப்பதான் நிக்கும்.”

அந்தச் சொருவும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை அஞ்சுகிராமத்தில் இருக்கிற என் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“வண்டி என்ன செய்தது உங்கள?”

“வீட்டுல நிண்ணா கை அரிக்கும்ட்டி. நீ பேசாம இரி.”

பிறகு தொடங்கியது சொருகல். பஸ்ஸில் வருகிறவர் ஊருக்குப் பாதை பிரிகிற எங்கள் விலக்கில் இறங்கமாட்டார், அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். பால் எதிர்வீட்டிலேயே கிடைக்கும். இவர் ஊர்க்கோடியில் போய் வாங்குவார். உப்பு ஒரு கடையில், புளி இன்னொரு கடையில். நாலு சாமான் சொல்லி அனுப்பினால் மூன்றை வாங்கிக்கொண்டு வந்து, “அய்யோ, கடுக மறந்துட்டேனே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு திரும்பப் போவார். வேண்டுமென்றேதான். தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது இந்தக் கூத்து. நான் அடுக்களையில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவர் முடுக்கு தாண்டிப் போயிருப்பார்.

எல்லாம் சரி, ஊர் விடவேண்டுமே. நாலு எட்டு வைத்தால் ஒரு வண்டி வந்து நிற்கும். “நடந்தா போறிய? கேறுங்க, அண்ணாச்சி.” டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்ல அவருக்கு வெட்கம். சுகர் என்பதை ஊருக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார். கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிறோம், அப்பனுக்கு வியாதி என்று பெயர் கிளம்பக்கூடாது என்பது அவர் கணக்கு. வேண்டாம் என்றாலோ, “என்ன, நம்ம வண்டியில எல்லாம் கேறமாட்டியளோ?” என்று ஆள் முகம் சுண்டிப்போகும். அதனால் ஏறிவிடுவார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனபிறகு, ஏறின இடம் வரைக்கும் திரும்ப நடந்து போய், அங்கிருந்து மறுபடியும் நடந்து வருவார். வருகிற வழியில் வேறொருத்தன் ஏற்றிவிடுவான். ஒரு நாள் இப்படியே மூன்று தடவை வாசலில் வந்து இறங்கினார். நான் பெருக்கிக்கொண்டிருந்த வாரியலும் கையுமாக முற்றத்தில் நின்று சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும் சிரிப்புத்தான். “நம்ம ஊர்க்காரனுவ என்னக் கொன்னுதான் விடுவானுவ” என்றார்.

சொல்லிவிட்டாரே என்று பிற்பாடு நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

பைக் சத்தம் கேட்டால் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்து ஒருத்தன் வண்டியை நிறுத்தி, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, முடிகிற வரைக்கும் காத்து நின்று ஏற்றிக்கொண்டு வந்தான். இதற்கு மேல் என்ன செய்ய?

கடைசியில் சானல் கரையைக் கண்டுபிடித்தார். வயலுக்குத் தண்ணீர் வருகிற சானல் எங்கள் ஊருக்குத் தெற்கே வளைந்து போகிறது. கரை ஒடுக்கமானது, வண்டி வராது. ரோட்டில் சுற்றிக்கொண்டு வருவதைவிடக் குறுக்குவழியும்கூட. ஆனால் ஊர் சுடுகாடு அந்தக் கரையில்தான் என்பதால் பொழுது சாய்ந்தால் ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். இவருக்கு அது வசதியாகப் போயிற்று. நான்தான் பயந்தேன். தனியாக விட மனசில்லாமல் ஒரு நாள் சாயங்காலம் நானும் கூடப் போனேன். அதன்பிறகு தினமும் போனேன்.

கல்யாணம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரைக்கும் நாங்கள் என்ன பேசியிருப்போம் என்று யோசித்தால், உளுந்து, கரண்ட் பில், மகளின் பள்ளிக்கூடம், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்பதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சானல் கரையில்தான் அந்த மனிதர் பேசத் தெரிந்தவர் என்று தெரிந்தது. முன்னால் அவர், பின்னால் நான். இரண்டு பேர் சேர்ந்து நடக்க அகலம் கிடையாது. முகம் பார்க்காமல் பேசுவதால்தானோ என்னமோ, அவருக்கு வாய் வந்தது.

ஒரு நாள் சொன்னார், “உன்னப் பொண்ணு பாக்க வந்தனே, உன் மொகத்தப் பாக்கவே இல்ல கேட்டியா.”

“பிறகு?”

“வெக்கமாட்டு இருந்து. தலையத் தூக்கவே இல்ல. உன் காலத்தான் பாத்தேன். பெருவிரலுக்குப் பக்கத்து விரலு நீளமாட்டு இருந்து. நல்லா நடப்பாண்ணு நெனச்சேன்.”

இருபது வருஷமாக இதை ஒரு மனிதர் வயிற்றுக்குள் வைத்திருந்தார் என்றால் என்ன சொல்ல? நான் பின்னால் நடந்துகொண்டே என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்காருவார். நான் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பேன். முள், கீறல், கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். “ஒண்ணும் இல்ல, போங்க” என்று பாதத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழும்புவேன். சுகர் இறங்கியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் நான் கல்யாண நாளையோ மகள் பிறந்த நாளையோ சொல்லமாட்டேன். அந்த டார்ச் வெளிச்சத்தைத்தான் சொல்வேன்.

மகள் படிப்பை முடித்தாள். பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையன் பாங்கில் வேலை. ஜாதகம் பொருந்தி, பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், நாள் குறிக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு சத்தத்தையே காணோம். ஒரு மாதம் கழித்து, ஜாதகத்தில் இன்னொரு ஜோசியர் குறை சொல்கிறார் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

நிஜம் என்னவென்று என் நாத்தனார்தான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்காள், நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. வந்ததும் வராததுமாக நடுவீட்டில் நின்று கத்தினார்.

“ஏலே, நீ நடந்து நடந்து பிள்ளைக்க கல்யாணத்த முடக்கிட்டியேலே!”

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி விசாரிக்க ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான். அந்த ஆள் எங்கள் விலக்கில் இருக்கிற சாயக்கடையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்திருக்கிறான். சாயக்கடைக்காரருக்கு என் வீட்டுக்காரர் மேல் அப்படி ஒரு மரியாதை. நல்லது சொல்வதாக நினைத்து, “தங்கமான மனுசன். ஒருத்தர்ட்ட கை நீட்டமாட்டாரு. பாவம், வண்டியக்கூட வித்துட்டாரு, நடந்துதான் போறாரு, வாறாரு. உள்ள கஷ்டத்த வெளிய காட்டமாட்டாரு கேட்டியளா” என்று உருகிச் சொல்லியிருக்கிறார். ‘நானே எத்தனை தடவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்’ என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். வந்தவன் போய், நொடித்துப்போன குடும்பம், வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். ஊரே எங்களை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நிறுத்தி நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்த அத்தனை பேரும், பாவம் என்று நினைத்துத்தான் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் சிரித்தார். பிறகு மகள் உள்ளே கதவைச் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடு சிரிப்பு நின்றது.

“சுகருண்ணு சொல்லிருவோம். அதுக்குத்தான் நடக்காருண்ணு நாலு பேருட்டச் சொன்னா தீந்துது” என்றேன் நான்.

“அப்பனுக்கும் சுகரு, அம்மைக்க அம்மைக்கும் சுகரு. பொண்ணுக்கும் வரும்ணு சொல்லுவாவ. அதுக்கு இதுவே தேவல” என்றார் நாத்தனார்.

அடுத்த வாரம் புது மோட்டார் சைக்கிள் வந்து முற்றத்தில் நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நிறுத்தினார். முதல் நாளே விலக்குக்குப் போய் சாயக்கடை முன்னால் நிறுத்தி, சாயா குடித்துவிட்டு வந்தார். தெருமுனைக் கடைக்குக்கூட அதில்தான் போனார். சானல் கரைக்கும் போகவில்லை. ஆள் பார்த்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று பயம்.

நான் சண்டை போடாத நாள் இல்லை. “கால் போனா யாரு வருவா? இந்த ஊரா வரும்?” என்று கத்துவேன். சோறு வைக்காமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன்.

“மவளுக்கக் கல்யாணம் முடியட்டும்ட்டி. மறுநாளே இந்த வண்டியையும் உன் தம்பிட்டக் கொடுத்துட்டு நடக்கேன். கொஞ்ச நாளுதானே.”

கொஞ்ச நாள் என்பது இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு வரன் தட்டிப்போனால் ஊரில் அது ஒட்டிக்கொள்ளும். மாத்திரை கூடியது, பிறகு ஊசி வந்தது. சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால், “நடக்காத காலுல என்னத்தப் பாக்க? போ” என்று காலை இழுத்துக்கொள்வார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. நடந்த நாளை அந்த டார்ச் ஞாபகப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் வற்புறுத்துவதை விட்டேன்.

ஒரு நாள் கோவிலுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்து இறங்கினார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்து அவரே திகைத்துப்போனார். வண்டியில் வரும்போது எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, காலுக்குத் தெரியவில்லை. மகள் கைகொட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் மட்டும் அந்த வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. தோவாளைப் பக்கத்துப் பையன், நல்ல பிள்ளை. இப்போதும் நல்ல பிள்ளைதான், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் பத்திரிகையைத் தபாலில் போட்டால் போதாது. வீடு வீடாகப் போய் விளிக்க வேண்டும். விளிக்காத வீட்டுக்காரன் பந்தலை மிதிக்கமாட்டான். முன்பெல்லாம் ஒரு ஊரில் போய் இறங்கினால் தெருத்தெருவாக நடந்துதான் விளிப்பார்கள். இவர் வாடகைக் கார் எடுத்தார். இரண்டு வாசல் தள்ளி இருக்கிற வீட்டுக்கும் காரில் போய் இறங்கினார். வேஷ்டிக்குக் கீழே புதுசாக வாங்கின கட் ஷூ. நொடித்துப்போன குடும்பம் என்று சொன்ன வாயை எல்லாம் அடைக்கவேண்டுமே.

கல்யாணத்தன்று காலையிலிருந்து மண்டபத்து வாசலில் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கைகூப்பி நின்றார். சாயக்கடைக்காரரை இரண்டு கையையும் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போய், முதல் பந்தியில் உட்காரவைத்தார். அப்படிப்பட்ட மனிதர். நான் அந்த ஆளின் கடையில் அதற்கப்புறம் ஒரு வாய்ச் சாயா குடித்ததில்லை.

மகளை மறுவீடு அனுப்பிவிட்டு வந்த அன்று, கட்டிலில் சாய்ந்தவர், “இனி நடக்கலாம்ட்டி. நாளைக்கு சானல் கரைக்குப் போவோம்” என்றார். குழந்தை மாதிரி இருந்தது அந்த முகம். நான் சந்தோஷத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. விளிக்கப் போன நாளிலேயே கடித்திருக்கிறது அந்த ஷூ. அவருக்கு வலிக்கவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முட்டுக்குக் கீழே எடுத்தார்கள். இந்த ஊரா வரும் என்று கேட்டேனே, ஊர் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வராத ஆள் இல்லை. ரத்தம் கொடுத்தவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், காரிலிருந்து அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து கிடத்தியவர்கள் எல்லோரும் அந்த வண்டிக்காரர்கள்தான். நல்லவர்கள். அதனால்தான் எனக்கு ஒருவரையும் வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

மயக்கம் தெளிந்து வந்த அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், “சாயக்கடக்காரன்ட்டச் சொல்லிரு, இனி நான் நடக்கமாட்டேன்ணு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். ஒரு மாதிரி நாள் ஓடியது. ஒரு சாயங்காலம், “நீ என்னத்துக்கு இங்கனயே அடஞ்சு கெடக்க? சானல் கரைக்குப் போயிட்டு வா” என்றார்.

“நான் மட்டும் எதுக்கு?”

“ரெண்டு பேருக்க நடையையும் நீ நட. வந்து சொல்லு, நான் கேக்கேன்.”

போனேன். முன்னால் ஆள் இல்லாமல் அந்தக் கரையில் நடப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதுகைப் பார்த்தே நடந்து பழகிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கேள்வி மேல் கேள்வி. தண்ணீர் எந்த மட்டுக்கு ஓடுகிறது, நாரை வந்திருக்கிறதா, வளைவில் நிற்கிற தென்னையில் ஓலை சாய்ந்ததே, விழுந்துவிட்டதா? ஒன்றைப் பார்க்காமல் வந்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வயலைத் தூர்த்துப் பிளாட் போட்டு கலர் கலராகக் கல் நட்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை. லாரிச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அவரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ரோட்டைக் கடக்க வேண்டும். அங்கே ஒரு வண்டி வந்து நிற்கும். “நடந்தா போறிய? கேறுங்க, மைனி.” நான் நின்று, அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்து, “எனக்குச் சுகரு இருக்கு. நடக்கணும். நீ போ” என்பேன். எனக்குச் சுகர் இல்லை. அவர் சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன், அவ்வளவுதான். ஊரெல்லாம் சொன்னேன். எவனும் என்னைக் கேறச் சொல்வதை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

கும்பப்பூ நடவு தொடங்கின அன்று வந்து சொன்னேன். “எந்த வயல்ல?” என்று கேட்டார். கீழ்ப்பத்தில் என்றேன். “சீக்கிரமால்லா தொடங்கிட்டாவ” என்றார். மறுநாள் காலை எழும்பவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

மகள் வந்து விழுந்து அழுதாள். நாத்தனார் வந்தார். ஊர் கூடியது. மத்தியானத்துக்கு மேல் வாசலில் பெரிய வண்டி ஒன்று வந்து நின்றது. அமரர் ஊர்தி என்று எழுதியிருந்தது. இப்போதெல்லாம் எங்கள் ஊரில் யாரும் தோளில் சுமப்பதில்லை. குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, எல்லாம் முடிந்து, ஸ்டிரெச்சரில் வைத்து அவரை வண்டிக்குள் ஏற்றினார்கள். பின்கதவைச் சாத்தப் போனார்கள்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். நின்றேன். அந்தக் கதவு பாதி சாத்தினதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

“ஏத்தாதீங்க!” என்று கத்தினேன். “எறக்குங்க அவர! வண்டியில ஏத்தாதீங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் கையைப் பிடித்தாள். வண்டிப் பக்கத்தில் நின்ற ஒரு தம்பி, தன்மையாகத்தான் சொன்னான்:

“நடந்தா போறது, மைனி? வண்டி நிக்கில்லா.”

எத்தனை வருஷமாக அந்த மனிதருக்குச் சொன்ன அதே சொல். நான் மகளின் கையை உதறினேன்.

“சானல் கரை வழியாட்டு நடந்தா கிட்டதானே சுடுகாடு? ரோட்டுல சுத்தி எதுக்குப் போணும்? அவரு நடக்கதுக்குத்தான் ஆசப்பட்டாரு. நீங்க யாரும் விடல. சாவுற வரைக்கும் விடல. இண்ணைக்காவது விடுங்களேன்! நடத்திக் கொண்டுபோங்க!”

புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போது என் நாத்தனார், மோட்டார் சைக்கிள் வாங்கவைத்த அதே நாத்தனார், தலைமுடி அவிழ்ந்து கிடக்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தார். “அவ சொன்னபடி செய்யுங்கலே. எனக்கத் தம்பிய நடத்திக் கொண்டுபோங்கலே” என்றார்.

கதவைத் திறந்தார்கள். ஸ்டிரெச்சரோடு இறக்கித் தோளில் வைத்தார்கள். சுமந்து பழக்கமில்லாத தோள்கள். முதலில் தடுமாறியது, பிறகு சரியாயிற்று. தெருமுனை வரைக்கும் நானும் பின்னால் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அங்கே நின்று பார்த்தால் சானல் கரை வளைவு வரைக்கும் தெரியும்.

கரை ஒடுக்கம் என்பதால் ஒருவர் பின் ஒருவராக நீளமாகப் போனார்கள். வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் வண்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு நடந்தார்கள். கடைசியாகச் சாயக்கடைக்காரர் போனார். வயசாகி, கால் நீர் வைத்து, அவரால் நடக்கவே முடியாது. ஒருத்தன் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டு நடந்தார். நடவு வயலில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாய்ந்த ஓலைத் தென்னையைக் கடந்து, தண்ணீர் திரும்புகிற இடத்தையும் கடந்து போனார் என் வீட்டுக்காரர், முன்னால் அவர், பின்னால் ஊர்.

அன்றைக்கு யாரும் அவரைக் கேறுங்க என்று சொல்லவில்லை.